சட்டைக்கு வெளியே ஒரு காது

“என்ன காலேஜு, ஆபீஸ் லீவா? லீவுதாம். டீ குடிக்கியா? குடிப்ப. ஒக்காரு.”

கேள்வியும் பதிலும் உபசாரமும் ஷேக் பரீதிடம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். தாராவி கிராஸ் ரோட்டில் அவருடைய தகரப் பெட்டிப் பட்டறை முன்னால் யார் போய் நின்றாலும் இப்படித்தான். வந்தவர் வாயைத் திறப்பதற்குள், அவர் எதற்கு வந்திருக்கிறார், என்ன அளவில் பெட்டி வேண்டும், ஊரிலிருந்து கடிதம் வந்ததா இல்லையா எல்லாவற்றையும் அவரே கேட்டு, அவரே சொல்லி, சுத்தியலையும் கையில் எடுத்திருப்பார். பத்தில் எட்டு பதில் சரியாகவே இருக்கும். மீதி இரண்டுக்கு வந்தவர் சிரித்துவிட்டுப் போவார். பத்து வருஷத்துக்கு மேலாக நான் இதைப் பார்த்து வருகிறேன். அவருடைய வேடிக்கைக் குணம் அது என்றே எண்ணியிருந்தேன். எங்கள் சால் குடியிருப்பில் எல்லோரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். ஆனால் அவர்கள் யாரும் பி.ஏ. படித்ததில்லை. நான் படித்தவன்; அதனால்தான் அவருக்கு நான் ‘காலேஜு’. கவனித்திருக்க வேண்டும்.

வயது ஐம்பத்து நான்கு. மேலப்பாளையத்துக்காரர். ஒல்லியான உடம்பு, வலது கை மட்டும் வேறு யாருடையதையோ கொண்டுவந்து பொருத்தியது போலத் திரண்டிருக்கும். முப்பது வருஷமாகத் தகடு வெட்டி, மடக்கி, தட்டிப் பெட்டி செய்கிறார். ஊருக்குப் போகிறவர்கள், பட்டாளத்தில் சேருகிறவர்கள், புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் பெண்கள் என்று தாராவியிலும் சுனாபட்டியிலும் தமிழர் வீட்டுக் கட்டில்களுக்கு அடியில் இருக்கும் பெட்டிகளில் பாதி அவர் கையால் ஆனவை. வேலையாட்கள் இரண்டு பேர். மூன்று சுத்தியலும் சேர்ந்து விழும்போது பட்டறைக்குள் நம் குரல் நமக்கே கேட்காது. எதிர் டீக்கடை ரேடியோ கொஞ்ச நாள் போட்டி போட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோயிற்று.

பட்டறை ஓரத்தில் ஒரு பெரிய பெட்டி எப்போதும் மூடியைத் திறந்தபடி இருக்கும். விலைக்குக் கேட்டால் தர மாட்டார். விளம்பரத்துக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். வண்ணம் பூசாத அந்த மூடியின் உட்புறத்தில் தெரு முழுவதும் தெரியும். தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவர், திரும்பிப் பார்க்காமலே “வாரும் வே” என்று ஆளைச் சரியாகக் கூப்பிடுவார். கூட்டத்தில் யாராவது ஒரு வேடிக்கை சொன்னால், எல்லோரும் சிரித்து ஓயும் நேரத்தில் இவர் சிரிக்கத் தொடங்குவார். ஆனால் மற்றவர்களைவிட நன்றாகச் சிரிப்பார்.

அவருக்கு இன்னொரு புகழும் உண்டு. நிக்காஹ் சாட்சி. பெண்ணுக்குப் பொறுப்பானவர் ‘கொடுத்தேன்’ என்று சொல்வதையும் மாப்பிள்ளை ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று சொல்வதையும் இரண்டு பேர் தங்கள் காதால் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொள்கிற ஆள் கிடைப்பது சுலபமில்லை. ஷேக் பரீத் யாரோடும் பகையில்லாதவர், நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறவர், சொந்தப் பேனா வைத்திருப்பவர். ஜமாஅத்தின் பதிவுப் புத்தகத்தை ஒருமுறை புரட்டியிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்து. அதில் ‘ப’ மட்டும் மூடி திறந்த பெட்டியைப் போல அகலமாக இருக்கும்.

போன வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்து சோடாக் கடை கரீம் பாட்சாவின் மகனுக்கு நிக்காஹ். நானும் பந்தலில் இருந்தேன். நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் சொல்ல வேண்டியதைச் சொல்லி மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பையன் தண்ணீர் கேட்பதற்காக வாயைத் திறந்தான். உதடு அசைந்ததுதான் தாமதம், ஷேக் பரீத் “பாரக்கல்லாஹ்!” என்று கணீரென்று வாழ்த்திவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினார். பந்தல் சிரித்தது. பந்தல் சிரித்து ஓயும்போது அவரும் சிரித்தார். ஹஜ்ரத் மட்டும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வேறொருவரைச் சாட்சி இடத்தில் உட்காரவைத்துவிட்டு, ஷேக் பரீதின் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார்: “சாட்சிக்குக் காது கேக்கணும் பரீது.”

“ஆமா ஹஜ்ரத், நல்ல புழுக்கம்,” என்றார் ஷேக் பரீத்.

எனக்குப் பத்து வருஷமும் ஒரு நொடியில் திரும்பி வந்தது. திறந்த மூடி, பிந்தி வரும் சிரிப்பு, கேட்பதற்கு முன்பே வரும் பதில். கூடவே என் சொந்த விஷயம் ஒன்றும் வந்து உறுத்தியது. ஐந்து வருஷத்துக்கு முன் பி.ஏ. முடிவு வந்த வாரம், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்தேன். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். என் அப்பாவுக்கு எம்.ஏ. என்றால் என்னவென்று சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பட்டறையில் போய் நின்று, “மாமா, மேல படிக்கவா, கப்பல் கம்பெனி வேலைக்குப் போகவா?” என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, “அதுதாம் சரி. அதயே செய்யி,” என்றார். கடைசியாக நான் சொன்னது வேலை. ஆகவே வேலை என்று எடுத்துக்கொண்டு மறுநாளே போய்ச் சேர்ந்தேன். வார்த்தைகளை இடம் மாற்றிக் கேட்டிருந்தால் இன்றைக்கு எம்.ஏ. ஆகியிருப்பேனோ என்னவோ.

உதுமான் தோல் கிடங்கில் வேலை பார்ப்பவர். அவரும் ஷேக் பரீதும் ஒரே ரயிலில் பம்பாய்க்கு வந்து இறங்கியவர்கள். ஷேக் பரீதின் இரண்டு பெண்களுக்கும் உதுமான்தான் சாட்சி. உதுமானின் ஒரே மகள் மெஹராஜின் நிக்காஹுக்கு ஷேக் பரீத் சாட்சி என்பது அவள் பிறந்த அன்றே பேசி முடித்த பேச்சு. மழை ஓய்ந்ததும் அவளுக்கு நிக்காஹ் என்று முடிவானபோது, ஹஜ்ரத் உதுமானைக் கூப்பிட்டு வேறு சாட்சி பார்க்கச் சொல்லிவிட்டார்.

அதைச் சொல்ல உதுமான் பட்டறைக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

“வாரும் வே. மகளுக்குப் பெட்டிதான? தனியா எடுத்து வச்சிருக்கேன்.”

“பெட்டி இல்ல வே. சாட்சி, சாட்சி!” என்று உதுமான் கத்தினார். தெருவில் போன நாலு பேர் நின்று பார்த்தார்கள். ஷேக் பரீத், “பெருசாத்தாம் செஞ்சிருக்கேன், கவலப்படாதயும்,” என்றார். உதுமான் என்னைப் பார்த்தார். பிறகு அளவு குறிக்கிற சாக்கட்டியை எடுத்து, வெட்டிவைத்திருந்த தகட்டில் எழுதினார்: ‘ஹஜ்ரத் ஒம்ம வேண்டாங்காரு. காது.’

ஷேக் பரீத் குனிந்து படித்தார். “காதுக்கு என்ன? தகரம் தட்டுதவன் காது இப்பிடித்தாம் இருக்கும்.”

உதுமான் கையால் அழித்துவிட்டு மறுபடியும் எழுதினார்: ‘மழை முடியதுக்குள்ள காது கேட்டா நீரு. இல்லாட்டி கரீம் பாட்சா.’

“சோடாக்காரனா?” என்றார் ஷேக் பரீத். அவர் கேட்டுவிட்டுத் தானே பதிலும் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். தகட்டில் இருந்த எழுத்தை அவர் அழிக்கவில்லை. நாலு பக்கமும் மடக்கி ஒரு பெட்டிக்கு அடித்தகடாகப் போட்டுவிட்டார். அது இப்போது யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறதோ.

மறுநாள் அவர் மனைவி சாயிரா எங்கள் ஒற்றை அறைக் கோலிக்கு வந்தார். “ஏ தம்பி, நீ இங்கிலீசு படிச்சவன்லா. தாதர்ல மிசின் வச்சுக் காதச் சோதிக்காவளாம். ஒங்க மாமாவக் கூட்டிட்டுப் போ. நாஞ் சொன்னாக் கேக்க மாட்டேங்காவ,” என்றவர், தான் சொன்னதை நினைத்துத் தானே முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துவிட்டார்.

தாதரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி. டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, அழுக்கோ சீழோ இல்லை என்று சொல்லிப் பரிசோதனை அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண்ணின் பெயர் ஷ்யாமளா. மாட்டுங்காத் தமிழ்க் குடும்பம். என் வயதுதான் இருக்கும். அவள் ஷேக் பரீதின் முகத்துக்கு நேராக, ஜன்னல் வெளிச்சம் தன்மேல் விழும்படி நின்றுகொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். பத்து வருஷத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத காரியம்.

“இதுல எத்தன மார்க் வாங்குனா பாஸும்மா?” என்று கேட்டார் ஷேக் பரீத். பரிசோதனையில் தேறிவிட்டால் அந்தச் சீட்டைக் கொண்டுபோய் ஹஜ்ரத்திடம் காட்டிவிடலாம் என்பது அவர் திட்டம்.

“மார்க்கெல்லாம் கெடையாது பாய். சத்தம் கேட்டா வெரலைத் தூக்கணும். ரொம்ப மெல்லிசாக் கேட்டாலும் தூக்கணும். அவ்வளவுதான்.”

சத்தம் புகாத சிறிய அறைக்குள் அவரை உட்காரவைத்துக் காதுகளில் கருவியை மாட்டினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளும் நானும். அவள் ஒரு குமிழைத் திருகிப் பொத்தானை அழுத்தினாள். உள்ளே விரல் உயர்ந்தது. சத்தத்தைக் குறைத்தாள். விரல் உயர்ந்தது. இன்னும் குறைத்தாள். உயர்ந்தது. எனக்கே சந்தோஷமாகிவிட்டது. அவள் மட்டும் புருவத்தைச் சுருக்கினாள். பிறகு பொத்தானை அழுத்தாமல், அழுத்துவது போலத் தோளை மட்டும் அசைத்தாள்.

விரல் உயர்ந்தது.

அவள் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். “பாய், என்னைப் பாக்கப்படாது. செவுத்தைப் பாருங்கோ.”

“நீ அமுக்குதயான்னு பாத்தேம்மா. மிசினு கெட்டுப்போயிட்டா ஒனக்குத்தான சிரமம்.”

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். அதன் பிறகு நடந்ததைப் பார்த்துக்கொண்டிருப்பது கடினமாக இருந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். கருவியின் முள் ஆடியது. முழங்கால்மேல் இருந்த அவர் கை அப்படியே இருந்தது. சத்தத்தைக் கூட்டினாள். கை அப்படியே இருந்தது. எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த மனிதர், கேள்வி வந்துவிட்டதா என்றே தெரியாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையிடையே, கனத்த சத்தங்களுக்கு மட்டும், அந்த விரல் சந்தேகத்தோடு மெல்ல எழுந்தது.

காகிதத்தில் அவள் வரைந்த கோட்டை அவரிடம் காட்டினாள். “மாடிப்படி கணக்கா எறங்குது,” என்றார். பெயில் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முகம் வாடவில்லை. தகட்டில் பிழையான இடம் எது என்று தெரிந்துகொண்ட ஆளைப் போலக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். கனத்த சத்தம் கேட்கிறது, மெல்லிய சத்தங்கள் போய்விட்டன, தகரம் தட்டுகிறவர்களுக்கு இப்படித்தான் ஆகும் என்று அவள் சொன்னாள். போனது திரும்பாது, கருவி வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள்.

மேஜைமேல் மூன்றை எடுத்து வைத்தாள். ஒன்று மூக்குக் கண்ணாடியின் காம்புக்குள்ளேயே ஒளிந்திருப்பது. ஒன்று காதுக்குப் பின்னால் பிறை போல ஒட்டிக்கொள்வது. இரண்டும் வெளிநாட்டுச் சரக்கு. ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகு அவற்றின் விலை எங்கோ போய்விட்டது. மூன்றாவது இங்கேயே செய்தது. சிகரெட் பாக்கெட் அளவில் ஒரு டப்பா; அதிலிருந்து காது வரைக்கும் ஓர் ஒயர்.

நான் பிறை போன்றதைத் தொட்டுக் காட்டினேன். “மாமா, இது வெளிய தெரியாது. பணத்துக்கு ஏதாவது வழி பண்ணலாம்.” எதையும் வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. என் ஆபீஸில் நான் எந்தத் தெருவில் குடியிருக்கிறேன் என்பதுகூட யாருக்கும் தெரியாது. தாராவி என்று சொன்னதில்லை; பக்கத்தில் இருக்கிற சயான் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஷேக் பரீத் அதைக் கவனிக்கவில்லை. டப்பாவைக் கையில் எடுத்து, பாட்டரி போடுகிற இடத்தின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். கீலை நகத்தால் நெம்பிப் பார்த்தார். “கீலு நல்லாருக்கு. மூடிதாம் இறுக்கம் பத்தாது. நம்ம பட்டறைன்னா ஒரு தட்டுல சரி பண்ணிருவேன்.”

“தட்டிடாதேங்கோ பாய்!” என்று ஷ்யாமளா பதறிப்போய் அதை வாங்கிக்கொண்டாள்.

ஒவ்வொன்றாக அவர் காதில் வைத்துப் பார்த்தாள். முதல் இரண்டும் அவருக்குப் போதவில்லை. டப்பாவை மாட்டி, சக்கரத்தைத் திருகி, சுவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவள் அவருக்குப் பின்னால் போய் நின்றாள். சாதாரணக் குரலில், “பாய், உங்க பேர் என்ன?” என்றாள்.

அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

“ஷேக் பரீத்,” என்றார். பிறகு, சுவரைப் பார்த்தபடியே, “நீ பின்னாலயாம்மா நிக்க?” என்றார். திரும்பி அவளைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார். “இதுதாம். இதயே எழுது.”

“மாமா, இது சட்டையில தொங்கும். எல்லாருக்கும் தெரியும்,” என்றேன்.

“தெரியட்டும். ஒளிச்சு வச்சா ஹஜ்ரத்து எப்பிடி நம்புவாரு? சாட்சிக்காரன் காது சட்டைக்கு வெளியதாம் இருக்கணும்.”

“அதுவும் சரிதான்,” என்றாள் ஷ்யாமளா. “உள்ள போட்டுண்டா துணி உரசறதெல்லாம் கேக்கும். ஆனா பாய், இது புதுக் காது இல்லை. நல்லது கெட்டது எல்லாத்தையும் சேத்துப் பெரிசாக்கிடும். வேணும்கறதை நீங்கதான் பொறுக்கிக்கணும்.”

காதுக்குள் பொருந்துகிற துண்டைச் செய்வதற்காக ஒரு பசையை உள்ளே நிரப்பி, இறுகியதும் உருவினாள். அந்த அச்சை அவர் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என் காதுக்குள்ள இவ்வளவு கோணலா! எவனாலயும் இந்தத் தகட்ட மடக்க முடியாது,” என்று ஆண்டவனின் வேலையைத் தொழில்காரர் முறையில் மெச்சினார்.

இரண்டு வாரம் கழித்துக் கருவி வந்தது. சாயிரா, “அட அல்லாவே, இத்தன வருசமா நான் ஏசுனது பூரா வீணாப் போச்சே! இனி மொதல்லருந்து ஏசணும்,” என்றார். ஷேக் பரீத் டப்பாவின் சக்கரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு, “ஏசு, கேப்போம்,” என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பட்டறைக்கு அதை மாட்டிக்கொண்டு போன முதல் நாள், முதல் சுத்தியல் விழுந்ததும் துள்ளி எழுந்து காதிலிருந்து பிடுங்கிவிட்டார். “இவ்வளவு சத்தத்துக்குள்ளயா வே இருந்தோம்?” என்று வேலையாட்களைக் கேட்டார். அவர்கள் என்ன சொல்வார்கள்? மறுநாளிலிருந்து இருவர் காதிலும் பஞ்சு. வேலை நேரத்தில் டப்பா அந்தத் திறந்த பெட்டிக்குள் துணியில் சுற்றியபடி கிடக்கும்.

பழக்கம் சுலபத்தில் விடவில்லை. “எப்ப வந்த, காலேஜு? காலைல...” என்று பதிலைத் தொடங்குவார். டப்பாவின்மேல் கை படும். வாயை மூடிக்கொண்டு என் வாயைப் பார்ப்பார். நான்தான் திணறுவேன். அவர் கேட்டதற்கு நானே பதில் சொல்லிப் பழக்கமில்லை.

அக்டோபர் கடைசியில் மெஹராஜின் நிக்காஹ். வெள்ளைச் சட்டை, அதன் பைக்கு வெளியே கொக்கி போட்டு மாட்டிய டப்பா, காதுக்கு ஏறும் ஒயர். ஷேக் பரீத் பந்தலுக்குள் வந்தபோது எல்லோர் பார்வையும் அந்த டப்பாவின்மேல் இருந்தது. உதுமான் ஹஜ்ரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கரீம் பாட்சா, எதற்கும் இருக்கட்டும் என்று, புதுப் பேனாவோடு முன்வரிசையில் இருந்தார்.

ஹஜ்ரத் பதிவுப் புத்தகத்தைப் பிரித்துக் குனிந்துகொண்டு, உதடு தெரியாதபடி கேட்டார்: “பரீது, நான் பேசுதது கேக்குதா?”

“கேக்குது ஹஜ்ரத்.”

“முழுக்கக் கேக்குதா?”

“நீங்க பேசுததும் கேக்குது. பந்தி எப்பப் போடுவானுவன்னு கரீம் பாட்சா முணுமுணுக்குததும் கேக்குது.”

பந்தல் வெடித்தது. ஹஜ்ரத்தும் இந்த முறை சிரித்தார். ஷேக் பரீத் எல்லோரோடும் சேர்ந்து, அதே நேரத்தில் சிரித்தார். ஹஜ்ரத் சாட்சி இடத்தைக் கையால் காட்டினார்.

மாப்பிள்ளையை நோக்கிக் கேள்வி போயிற்று. அந்தப் பையனும் உடனே வாய் திறக்கவில்லை. ஷேக் பரீத் அவன் உதட்டைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். பேனாவின் மூடி பேனாவிலேயே இருந்தது. பையன் சொன்னான். அதற்குப் பிறகும் ஒரு மூச்சு விட்டார். பிறகுதான் கண்ணைத் திறந்து ஹஜ்ரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். புத்தகத்தில் ‘ப’ வழக்கத்தைவிட அகலமாக விழுந்தது. உதுமான் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பந்தல் ஓரத்துக்கு அழைத்துப்போனார்.

“காலேஜு, ஒண்ணு சொல்லுதேன். அஞ்சு வருசத்துக்கு முந்தி பட்டறைக்கு வந்து என்னமோ கேட்ட. எனக்கு ஒரு எழுத்துக் காதுல விழல. முகத்தப் பாத்தேன். பயந்த முகம். பயந்துபோய் வந்தவன் எதக் கேட்டாலும் சரின்னு சொல்லிறணும்னு சொல்லிட்டேன். என்ன கேட்டன்னு இன்னி வரைக்கும் தெரியாது. இப்பக் கேளு.”

நான் கேட்டேன். அன்று கேட்டதையும் சொன்னேன். வேலையை விட்டுவிட்டு இனிமேல் படிக்கலாமா, அதற்குக் காலம் கடந்துவிட்டதா என்று இன்றைக்கு அரிக்கிறதையும் சொன்னேன். எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். சக்கரத்தைக் கூட்டிக்கொண்டு கேட்டார். ‘அதுதாம் சரி’ என்று சொல்லிவிடுவாரோ என்று இருந்தது. சொல்லமாட்டாரோ என்றும் இருந்தது.

“இது பெரிய கேள்வியாலா இருக்கு,” என்றார். “யோசிச்சுச் சொல்லுதேன்.”

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது; பதில் இன்னும் வரவில்லை. ஆபீஸ் விட்டு வரும்போது தினமும் பட்டறையைக் கடந்துதான் வர வேண்டும். அந்த மூடியில் என்னைப் பார்த்துவிடுவார். திரும்ப மாட்டார், ஒன்றும் கேட்கவும் மாட்டார். சுத்தியலை ஒரு கணம் நிறுத்தி, கேட்டுவிட்டது என்று கண்ணாடி அறையில் தூக்கினாரே, அதைப் போல ஒற்றை விரலை மட்டும் உயர்த்திக் காட்டுவார்.